முனிரத்தினத்தின் தனி அடுப்பு

அந்தக் கோடியில உக்காராதீங்க தம்பி. இந்தத் தாலுக்கா ஆபீஸ் பெஞ்சு ஒரு மாதிரி. இந்தப் பக்கம் நான் சட்டுனு எழுந்தேன்னு வைங்க, அந்தப் பக்கம் இருக்கிறவர் மேல கிளம்பி, ஓட்டைப் பிச்சுக்கிட்டு, சர்வேயர் மேசை மேல போய் விழுவார். போன வாரம் ஒருத்தர் அப்படித்தான் விழுந்தார். விழுந்ததும் விழுந்தார், பட்டா மாறுதலை முடிச்சுக்கிட்டே எழுந்தார். நமக்கு அந்த வேலை இல்ல. நடுவுல வாங்க.

ரேஷன் கார்டு விஷயமாத்தானே? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. பட்டாவுக்கு வர்றவன் மூஞ்சி கோவமா இருக்கும். வாரிசு சான்றிதழுக்கு வர்றவன் கொஞ்சம் சோகமா, கொஞ்சம் சந்தோஷமா இருப்பான். கார்டுக்கு வர்றவன் மட்டும்தான் யாரைப் பார்த்தாலும் எழுந்து நிப்பான். ஆபீஸருக்கும் எழுந்து நிப்பான், அவருக்கு டீ கொண்டு வர்றவருக்கும் எழுந்து நிப்பான். நீங்க என்னைப் பார்த்தே எழுந்திருக்கப் பார்த்தீங்களே.

என் பேரு முனிரத்தினம். பாலாத்தங்கரை. நான் கார்டு வாங்கின கதையைச் சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும். முழுக்க நிஜம். எனக்குப் பொய் வராது. அதுதான் பிரச்சினையே.

இந்தக் கார்டு வெவகாரம் ஆரம்பிச்சது ஒரு முதலையால.

சிரிக்காதீங்க. என் பேத்திக்குக் காதுகுத்து. பந்தல்ல ரெண்டாம் பந்தி. எதிர்வரிசையில மருமகளோட ஊர்க்காரங்க. சும்மா சாப்பிட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும், நாலு நல்ல வார்த்தை பேசணுமேன்னு, நான் வாலிபத்துல பாலாத்துல முதலை பிடிச்சதைச் சொல்ல ஆரம்பிச்சேன். சாதாரண முதலை இல்ல தம்பி. வாலு எங்க ஊர்ல இருந்தா, தலை அக்கரையில. அது கொட்டாவி விட்டப்ப நான் வாழைத்தாரை நட்டமா நிறுத்தி வாயை மூட முடியாம பண்ணிட்டேன். பந்தியே அப்படியே கையை இலையில வெச்சது வெச்சபடி கேட்டுக்கிட்டிருக்குது. ஒருத்தர் அப்பளத்தை ஒடைக்கக்கூட இல்ல, சத்தம் வருமேன்னு.

அப்பத்தான் என் மருமக ரசம் ஊத்திக்கிட்டு வந்தாள். குணசுந்தரின்னு பேரு. என் மகன் தணிகைவேல் பொண்டாட்டி. குனிஞ்ச தலை நிமிராம, என் இலையில ரசத்தை ஊத்திக்கிட்டே கேக்கறாள்: "பாலாத்துல ஏது மாமா தண்ணி? முதலை நடந்தா வந்துச்சு?"

பந்தியே சிரிச்சது. இலை எடுக்கிறவன் சிரிச்சான். காது குத்தின வலியில அழுதுக்கிட்டிருந்த என் பேத்தி, அதுவும் சிரிச்சது.

"ஆமா, நடந்துதான் வந்துச்சு, அதனாலதான் பிடிக்க சுலபமா இருந்துச்சு"ன்னு நான் சொல்லியிருக்கணும். எவ்வளவு அருமையான பதில்! ஆனா அது எனக்குக் கை கழுவும்போதுதான் வந்துச்சு. அப்ப யாருகிட்டச் சொல்றது? குழாய்கிட்டச் சொல்லிட்டு வந்தேன்.

அன்னிக்கே சபதம் போட்டேன். "இனிமே உன் கையால ஒரு பருக்கை தொட்டா நான் முனிரத்தினம் இல்ல. எனக்குன்னு தனிக் கார்டு, தனி அரிசி, தனி அடுப்பு"ன்னு பந்தலுக்கு நடுவுல நின்னு சொன்னேன். அவ என்ன சொன்னான்னு நெனைக்கிறீங்க? "பாயசம் ஊத்தட்டுமா மாமா?" கொழுப்பைப் பார்த்தீங்களா. பாயசத்தை மட்டும் குடிச்சேன். அது சபதத்துக்கு முன்னாடியே அண்டாவுல கொதிச்சது. அதுல சேராது.

மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்க கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு பொண்ணு. விஷயத்தைச் சொன்னேன். "தாத்தா, மொதல்ல பழைய கார்டுலேருந்து உங்க பேரை நீக்கணும். அதுக்குக் குடும்பத் தலைவி போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னாத்தான் நீக்க முடியும்" அப்படின்னுது.

"யாரும்மா குடும்பத் தலைவி?"

"குணசுந்தரின்னு இருக்குதே."

தம்பி, எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. நான் கட்டின வீடு. நான் வெச்ச தென்னை. இத்தனை நாளா நான்தான் தலைவன்னு நெனைச்சு வாசல்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கேன். உள்ள வேற ஆட்சி நடந்திருக்குது! அவகிட்டேருந்து பிரிஞ்சு போறதுக்கு அவ போனைத்தான் கேக்கணுமாம். ஜெயில்லேருந்து தப்பிக்கிறவன் வார்டர்கிட்டப் போய்ச் சாவி கேக்கற கதை.

ஆனா முனிரத்தினம் மூளை சும்மா இருக்குமா? சூழ்ச்சி பண்ணினேன். மையத்துப் பொண்ணு பட்டனைத் தட்டினதும், அங்கிருந்த போன்ல மருமகளைக் கூப்பிட்டேன். குரலை மாத்திக்கிட்டேன். "அம்மா, நாங்க பேங்க்லேருந்து பேசறோம். உங்க போன்ல ஏதாவது நம்பர் வந்திருக்குதா?"

"வந்திருக்கு மாமா. எழுதிக்கிறீங்களா, நானே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லட்டுமா?" அப்படின்னாள். அவளே சொல்லவும் சொன்னாள், ரெண்டு தரம், நிறுத்தி நிறுத்தி. எப்படி ஏமாந்தாள் பாருங்க! இவளையெல்லாம் வெச்சுக்கிட்டு இந்தக் காலத்துல எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு எனக்கே கவலையாப் போச்சு. ராத்திரி டீக்கடைக்காரனை விட்டு மகனுக்கு போன் போடச் சொல்லி, "உன் பொண்டாட்டி யார் கேட்டாலும் நம்பரைக் கொடுத்துடறாடா, கொஞ்சம் கண்டிச்சு வை"ன்னு சொன்னேன். அவன் லாரி ஓட்டறவன், ஓசூர் தாண்டிக்கிட்டிருந்தான். ரொம்ப நேரம் லைன்ல ஒண்ணும் பேசல. சிக்னல் இல்ல போல.

பேரு நீக்கியாச்சு. புதுக் கார்டுக்கு எழுதிப் போட்டாச்சு. மையத்துப் பொண்ணு ஒண்ணு சொல்லி அனுப்பிச்சது. "ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. அம்மா நேர்ல வந்து பார்ப்பாங்க தாத்தா. ஒரே வீட்டுல இருக்கிறீங்க இல்லியா, தனியா சமைக்கிறீங்களான்னுதான் பார்ப்பாங்க. தனி அடுப்பு இல்லேன்னா தள்ளிடுவாங்க."

இதை நல்லாக் கேட்டுக்குங்க, உங்களுக்கும் ஆகும். சர்க்காருக்கு நீங்க யாரு, யாருக்குப் பொறந்தவர், அதெல்லாம் அப்புறம். எந்த அடுப்புல உங்க சோறு வேகுதோ அதுதான் உங்க குடும்பம்.

எங்க வீட்டுப் பின்னால மாட்டுக் கொட்டாய் இருக்குது. மாடு வித்து ரொம்ப நாளாச்சு. அதைக் கூட்டி, கட்டிலைப் போட்டு, மூணு செங்கல்லை வெச்சேன். தனி அடுப்பு. பக்கத்துச் சுவர்தான் அவ சமையல்கட்டு. நடுவுல ஒரு ஜன்னல்.

சமைக்கத் தெரியுமான்னு கேக்கறீங்க. தம்பி, நான் தோல் கம்பெனியில சுண்ணாம்புத் தொட்டியில வாலிபம் பூரா நின்னவன். ஒரு எருமைத் தோலையே ஊற வெச்சுப் பதம் பண்ணத் தெரிஞ்சவனுக்கு ஒரு படி அரிசி பெரிசா? அந்த நெனைப்புலதான் எறங்கினேன். மொத நாள் வடிச்ச சோத்தை நாய்க்குப் போட்டேன். அது மோந்து பார்த்துட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, மருமக வாசல்ல போய்ப் படுத்துக்கிச்சு. ரெண்டாவது நாள் வெச்ச புளிக்குழம்புல செம்பு அண்டாவெல்லாம் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. தெருவுல எல்லாரும் கொஞ்சம் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

அப்ப பட்டினியா கிடந்தீங்களான்னு கேப்பீங்க. அங்கதான் பூனை வருது.

அந்த ஜன்னல் இருக்குதுன்னேனே, அதோட திட்டுல தெனமும் ரெண்டு வேளையும் ஒரு தட்டு மூடி வெச்சிருப்பாள் மருமக. சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ஒரு அப்பளம். சத்தமா சொல்லிட்டுப் போவாள்: "பூனைக்கு வெச்சிருக்கேன், யாரும் தொடாதீங்க!" எனக்குக் கேக்கணும்னே சொல்றாள் தம்பி. மாமனார் இங்க வெந்ததும் வேகாததுமாத் தின்னுக்கிட்டிருக்கான், பூனைக்குக் கருவாட்டுக் குழம்பு! எனக்கு வந்த கோவம் அந்தப் பூனை மேலதான். விடுவேனா? அது வர்றதுக்கு முன்னாடி நானே எடுத்துத் தின்னுட்டுத் தட்டைக் கழுவி வெச்சிடுவேன். ஒரு நாள் தப்பாம பழி வாங்கினேன்.

சபதம் என்னாச்சுன்னு பார்க்கறீங்க. சபதத்துக்கு ஒரு கேடும் இல்ல. நான் அவ கையால வாங்கித் தின்னல. பூனைகிட்டேருந்து பிடுங்கித் தின்னேன்.

பூனை எப்படி இருக்கும்னா... நான் அதை இன்னும் பார்த்ததில்ல. பசியில ஊரை விட்டே போயிருக்கும், பாவம். ஆனா மருமகளுக்கு அது தெரியல பாருங்க, வெச்சுக்கிட்டே இருக்கிறாள். ஒருநாள் எனக்கு ஜுரம். அன்னிக்கின்னு பார்த்துப் பூனைக்கு மிளகு ரசமும் பூண்டுத் துவையலும் வெச்சிருக்கிறாள். ஜுரம் வந்த மனுஷன் பக்கத்துல இருக்கும்போது அதைப் போய்ப் பூனைக்கு வெக்கத் தோணுதே, என்ன மனசு! ரெண்டே வேளையில எனக்கு ஜுரம் விட்டுப் போச்சு.

ஆர்.ஐ. அம்மா வந்த நாளைச் சொல்லணும். உச்சி வெயில். ஸ்கூட்டர்ல வந்து ஹெல்மெட்டைக் கழட்டி, நேரா கொட்டாய்க்குள்ள வந்துட்டாங்க. இங்க தள்ளிட்டாங்கன்னா என்ன ஆகும்? பழைய கார்டுலேருந்து பேரு போயாச்சு. புதுக் கார்டும் இல்லேன்னா எனக்கு அங்கயும் எடமில்ல, இங்கயும் எடமில்ல. போன மூஞ்சியோட திரும்பிப் போய் அவகிட்ட, "யம்மா, என்னை உன் கார்டுல சேத்துக்கோ"ன்னு நிக்கணும். அதுக்கு நான் அந்த முதலை வாயிலேயே போயிருக்கலாம்.

"என்ன பெரியவரே, இன்னிக்கு என்ன சமையல்?"

"களி"ன்னேன். காலையில கிண்டினது, சட்டியில இருக்குது. அந்தம்மா மூடியைத் திறந்து கரண்டியால குத்திப் பார்த்தாங்க. கரண்டி உள்ள போகல. கொஞ்சம் அழுத்தினாங்க. போச்சு, ஆனா திரும்பி வரல. கரண்டியைத் தூக்கினா சட்டியும் சேர்ந்து வருது. சட்டியைப் பிடிச்சு இழுத்தா அடுப்புச் செங்கல்லும் சேர்ந்து வருது. அப்படி ஒரு பதம்.

நல்லவேளை, அடுப்பு நிஜம்தான்னு நம்பற மாதிரி இருந்தாங்க. அப்பத்தான் அவங்க கண்ணு ஜன்னலுக்குப் போச்சு. திட்டுல மூடின தட்டு. ஆவி வந்துக்கிட்டிருக்குது.

"இது யாருக்கு?"

நான் முடிஞ்சேன்னு நெனைச்சேன். அதுக்குள்ள ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குணசுந்தரி வந்து நின்னாள்.

"பூனைக்கு மேடம்."

அந்தம்மா தட்டைத் திறந்தாங்க. "பூனைக்கு அப்பளமா?"

"எங்க வீட்டுப் பூனைக்கு அப்பளம் இல்லாம எறங்காது மேடம்."

"சோறு என்ன இவ்வளவு கொழைய இருக்குது?"

"பூனைக்கு மேல்வரிசை பல்லு இல்ல மேடம். அதான் கொழைய வடிச்சேன்."

தம்பி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பல்லில்லாத பூனை! கேட்டிருக்கீங்களா எங்கயாவது? நான்கூட அந்த அளவுக்குப் போனதில்ல. முதலையில குத்தம் கண்டவ, இவ்வளவு பெரிய பொய்யை ஒரு ஆபீஸர்கிட்டக் கண்ணு சிமிட்டாம சொல்றாள். சொல்றதுதான் சொல்றாள், நம்பற மாதிரியாவது சொல்ல வேணாமா? பொய்ன்னா அதுக்கு ஒரு லட்சணம் இருக்குது. எனக்குப் பொய் வராட்டியும் லட்சணம் தெரியும்.

அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. நான் வாயைத் திறந்து சிரிச்சேன். என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்பால தட்டைப் பார்த்தாங்க. அப்பால குணசுந்தரியைப் பார்த்தாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டாள்.

"பூனை கொடுத்து வெச்சது"ன்னாங்க. பேனாவை எடுத்து, தனி அடுப்புன்னு எழுதிக்கிட்டாங்க. ஸ்கூட்டரை எடுக்கும்போது என்கிட்ட, "பூனைக்குச் சோறு வெக்க மறந்துடாம பார்த்துக்கச் சொல்லுங்க பெரியவரே"ன்னாங்க. பூனை மேல அவ்வளவு பிரியம் போல. நல்லவங்க.

கார்டு வந்துச்சு. என் போட்டோ, என் பேரு, குடும்பத் தலைவர்: முனிரத்தினம். உறுப்பினர்: முனிரத்தினம். ஊரெல்லாம் காட்டினேன். மொத மாசம் அரிசி வாங்கப் பெரிய பையா எடுத்துக்கிட்டுப் போனேன்.

கடைக்காரம்மா மெஷினை நீட்டி, "விரலை வைங்க"ன்னாங்க. வெச்சேன். மெஷின் கூன்னு கத்துது, சேரலையாம். மறுபடி வெச்சேன். கூங்குது. பத்து விரலும் வெச்சாச்சு. ரேகையே இல்லியாம். எப்படி இருக்கும்? எல்லாம் அந்தச் சுண்ணாம்புத் தொட்டியிலேயே கரைஞ்சு போச்சு. என் ரேகையெல்லாம் தோல்ல ஒட்டிக்கிட்டு, இப்ப வெளிநாட்டுல யார் கால்லயோ பூட்ஸா நடந்துக்கிட்டிருக்குது.

"தலையில தேச்சுட்டு வைய்யா, எண்ணெய்ப் பசைக்குப் பிடிக்கும்"னு பின்னால இருந்து ஒரு அம்மா. எனக்கு ஏது முடி? பக்கத்துல நின்ன கன்னியப்பன் தலையில நல்லாத் தேச்சுட்டு வெச்சேன். மெஷின்ல கன்னியப்பன் குடும்பம் மொத்தமும் வந்துடுச்சு, செத்துப்போன அவன் மாமியா உள்பட. சத்தியம்!

கண்ணைக் காட்டச் சொன்னாங்க. கண்ணுல புரை. மெஷினே கண்ணை மூடிக்கிச்சு. "போனுக்கு நம்பர் அனுப்பட்டுமா"ன்னாங்க. அனுப்பினா அது டிங்குனு எங்க அடிக்குது? என் மருமக போன்ல. அன்னிக்கு அந்த மையத்துப் பொண்ணு, போன் நம்பர் எதுன்னு கேட்டப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே நம்பரைச் சொல்லிட்டேன். எனக்கு ஏது போன்?

கடைக்காரம்மா நல்லவங்க. "பெரியவரே, உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் வந்து விரல் வெச்சு வாங்கலாம். அதுக்குத் தாலுக்கா ஆபீஸ்ல ஒரு ஃபாரம் எழுதிக் கொடுங்க. நம்பிக்கையான ஆளா இருக்கட்டும். உங்க அரிசியை அவங்கதான் வாங்குவாங்க"ன்னாங்க.

நம்பிக்கையான ஆளு! ஊர்ல தேடினேன். கன்னியப்பன் என் அரிசியை வாங்கினா நேரா அவன் கோழிக்குத்தான் போகும். டீக்கடை ராஜகோபால் நல்லவன், ஆனா மறதிக்காரன். அவன் கடையில டீக்குச் சர்க்கரை போட்டானா இல்லியான்னு நாமதான் சொல்லணும். கோயில் பூசாரியைக் கேட்டேன், "நான் உனக்கு வாங்கினா ஊர்ல எல்லாரும் கேப்பாங்க"ன்னு நழுவிட்டார். ஒருத்தன் மிச்சமில்ல. கடைசியில பார்த்தா, இத்தனை பெரிய ஊர்ல ஒரு படி அரிசி குறையாம என்கிட்டக் கொண்டுவந்து சேக்கக்கூடிய ஒரே ஆளு...

அதோ, ஜன்னல் பக்கம் வரிசையில நிக்கறா பாருங்க, பச்சைப் பொடவை. அவதான் குணசுந்தரி. காலையிலேருந்து நிக்கறாள். என்னை நிக்க விடல. "வெயில்ல மயங்கி விழுந்தா உங்களைத் தூக்க ஆள் வேணும், போய் நெழல்ல உக்காருங்க"ன்னு தொரத்திட்டாள். பேச்சைப் பாருங்க. மரியாதையே கிடையாது.

ஆனா தம்பி, எல்லாத்தையும் நான் யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன். கேளுங்க. அரிசியை அவ விரல் வெச்சு வாங்குவாள். சரியா? கொட்டாய்ல எலி. அதனால அவ சமையல்கட்டு டிரம்லதான் கொட்டி வெக்கணும். அங்க கொட்டினப்புறம் நான் தெனம் போய் அளந்து எடுத்துக்கிட்டிருந்தா அவளுக்குத் தொந்தரவு. அதனால அவளே எடுத்து அவளே வடிச்சுடுவாள். ரெண்டு அரிசியும் ஒரே டிரம்ல கலந்துபோனா எது யாருதுன்னு யாரு பார்க்கறது? அப்ப அந்த வீட்டுல வேகுறது யாரு அரிசி? என் அரிசி! அவ இனிமே என் சோத்தைத்தான் திங்கப் போறாள். என் மகனும் அப்படித்தான். இதுதான் முனிரத்தினம் மூளை. அவளுக்கு இன்னும் இது பிடிபடல. நீங்க சொல்லிடாதீங்க.

இருங்க, கூப்பிடறாங்க.

"யாருங்க முனிரத்தினம்?"

நான்தாங்க! இதோ, நான்தான்!

"பெரியவரே, அங்கிருந்தே சொல்லுங்க. இந்தம்மா உங்களுக்கு யாரு?"

மருமகங்க.

"ஒண்ணா இருக்கிறீங்களா, தனியா?"

தனி சார்! அடுப்பு தனி. ஆர்.ஐ. அம்மாவே வந்து பார்த்து எழுதியிருக்காங்க. எனக்கும் அவளுக்கும் பேச்சே சரியாக் கிடையாது சார்.

"பேச்சே இல்லாதவங்களை நம்பி உங்க அரிசியை விடறீங்களே, பரவாயில்லையா?"

சார், நாலு பேர் இருக்கிற எடத்துல சொல்றேன். அவளுக்கு ஒண்ணைக் கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைச்சுச் சொல்லவும் தெரியாது. மாமனார்னும் பார்க்க மாட்டாள். மூஞ்சிக்கு நேரா உள்ளதை உள்ளபடி போட்டு ஒடைப்பாள். அரிசி விஷயத்துல எனக்கு அந்த மாதிரி ஆளுதான் சார் வேணும். எழுதிக்குங்க.

...எழுதிக்கிட்டாங்க. என்ன தம்பி, அவ ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாள்? முந்தானையை எடுத்து முகத்தைத் தொடைக்கிறாளே. வேர்வையா இருக்கும். காலையிலேருந்து வெயில்ல நின்னா வேர்க்காதா?

"மாமா, வந்து கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம். பன்னெண்டு மணி வண்டியை விட்டா அப்புறம் சாயங்காலம்தான். போய் உலை வெக்கணும்."

வர்றேன், வர்றேன்! விரட்டாதே!

பார்த்தீங்களா தம்பி, எவ்வளவு அவசரம்னு. நான் கிளம்பறேன். உங்க வேலை நல்லபடியா முடியும், அந்த மேசைக்காரர் தங்கமானவர். இருந்து இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்தான், ஆனா என்ன பண்றது? நான் போனாத்தான் எங்க வீட்டுல எல்லாருக்கும் சோறு.